ஏழாவது சுவையில் நின்றுபோன ஊர்

மருதாண்டபுரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறே முக்கால் மணிக்கு, நகராட்சி மண்டபத்தில் உட்கார்ந்திருந்த நானூற்றுச் சொச்சம் பேருக்கும் மூஞ்சி அப்படியே நின்றுபோயிற்று. நின்றுபோயிற்று என்றால் யாரும் செத்துவிடவில்லை. பேசினார்கள், தின்றார்கள், தும்மினார்கள், கொட்டாவிகூட விட்டார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு செய்தார்கள். இடது பக்கம் மேலுதடு தூக்கிக்கொண்டு, மூக்குத் தண்டில் மூன்று சுருக்கம் விழுந்து, ஒரு கண் பாதி மூடி, தாடை தோள்பட்டைப் பக்கம் திரும்பி, மொத்தத்தில் நாலு நாள் மீன் கிடந்த வாளிக்குள் தெரியாத்தனமாக எட்டிப் பார்த்துவிட்ட முகம். ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. ஊர் என்று ஒன்று இருந்தால் அது எதைத்தான் ஏற்றுக்கொள்ளாது, சீ.

யாரால் வந்தது இந்தக் கர்மம் என்று கேட்டால், ஊரே ஒரே குரலில் திலோத்தமா டீச்சரைக் கை காட்டும். பஸ் ஸ்டாண்டு எதிரில் செல்போன் கடைக்கு மேல்மாடியில் ‘திலோத்தமா நாட்டியாலயா’ என்று பலகை மாட்டியிருப்பவள் அவள்தான். சொந்தப் பெயர் திலகவதி. திலகவதி என்று பலகை வைத்தால் தையல் வகுப்பு என்று நினைத்து ஜாக்கெட் துணியோடு மாடியேறி வந்துவிடுகிறார்கள் என்று தானே மாற்றிக்கொண்டாள். வயது முப்பத்தெட்டு. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் வித்தை சுத்தம், அதை அவளைப் பிடிக்காதவர்கள்கூடச் சொல்வார்கள்.

நகராட்சிக்குப் பொன்விழா வந்தது. ஆபீஸ் பெண்களே மேடையேறி ஆடினால் எடுப்பாக இருக்கும் என்று கமிஷனருக்குத் தோன்றியது. பில் கலெக்டர் மோகனாம்பாள் தலைமையில் எட்டுப் பேர் கிளம்பி வந்தார்கள். திலோத்தமா அவர்களுக்கு ஒன்பது சுவைகளை வரிசையாக அமைத்தாள்: காதலில் தொடங்கி, சிரிப்பு, இரக்கம், கோபம், வீரம், பயம், ஏழாவதாக அருவருப்பு, எட்டாவதாக வியப்பு, கடைசியில் சாந்தம். ஆறும் எப்படியோ வந்துவிட்டன. ஏழாவது வரவே மாட்டேன் என்றது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்து, இதுதான் அருவருப்பான பொருள் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். எட்டுப் பேரும் வாளியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், பல்வலிக்காரர்கள் வரிசையில் நின்றது போலிருந்தது.

“மூஞ்சியில ஆரம்பிக்காதீங்கம்மா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள் திலோத்தமா. “மூஞ்சி கடைசி வரி. கதை வயித்துல ஆரம்பிக்கணும். முதல்ல வயிறு ஒரு அங்குலம் உள்ள போகும். அப்புறம் தோள். அப்புறம் கழுத்து. அப்புறம் காலு ரெண்டடி பின்னால போகும். இதெல்லாம் ஆன பிறகு மூஞ்சி தானா வரும். அருவருப்பு மூக்குல இல்ல, நடுவுல விழற இடைவெளில இருக்கு. அந்த இடைவெளியப் பார்த்தாத்தான் கடைசி வரிசையில இருக்கிறவனுக்கும் புரியும்.”

புரிந்தது என்று தலையாட்டிவிட்டு மறுபடி மூக்கைப் பொத்தினார்கள்.

இந்த நேரத்தில்தான் கமிஷனர் போன் பண்ணி, “டீச்சர், தூய்மைப் பணியாளர் ஒருத்தரையும் சேர்த்துக்குங்க, போட்டோவுக்கு நல்லாருக்கும்” என்றார். மறுநாள் ரஞ்சிதம் வந்தாள். பதினோராவது வார்டில் இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை வண்டி தள்ளுகிறவள், திலோத்தமாவைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அன்றைக்கு இரண்டு தடவை குளித்து, இஸ்திரி போட்ட புடவை கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வா என்று யாரும் சொல்லவில்லை. காற்று வரட்டும் என்று மோகனாம்பாள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். ரஞ்சிதம் எந்தத் தெருக்காரி என்று எட்டுப் பேருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயால் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு நாகரிகம்.

திலோத்தமாவுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, அதைச் சத்தியம் பண்ணியே சொல்லலாம். பாத்திரத்துக்கு ஏற்ற ஆளைப் போடுவது அவள் தொழில். உயரமானவளை ராஜாவாகப் போடுவாள், ஒல்லியானவளை மானாகப் போடுவாள். அதே பழக்கத்தில் வாளியை எடுத்து ஓரமாக வைத்தாள், அது இருந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டாள், “ரஞ்சிதம், நீ இங்க உட்காரு. ஒண்ணும் ஆட வேணாம். தலையைக் குனிஞ்சுக்க, போதும்” என்றாள்.

ரஞ்சிதம் உட்கார்ந்தாள். பாட்டு ஓடியது. எட்டுப் பேருக்கும் வயிறு ஒரு அங்குலம் உள்ளே போயிற்று, தோள் போயிற்று, கழுத்து போயிற்று, கால்கள் அளந்து வைத்தது மாதிரி ரெண்டடி பின்னால் போயின, எல்லாம் முடிந்தபின் முகம் தானாக வந்தது. ஒருத்திக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

“அப்பாடா!” என்று கைதட்டினாள் திலோத்தமா. “இப்பத்தாண்டி உசிரு வந்திருக்கு!”

வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒத்திகை முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு ரஞ்சிதம் மட்டும் படியோரத்தில் நின்றாள். “டீச்சர், நான் அப்படியே உட்கார்ந்தே இருக்கணுமா? கடைசியில யாராவது தூக்கி விடுவாங்களா?”

“ஆமா, சாந்தம் வரும்போது எட்டுப் பேரும் திரும்பி வருவாங்க. மோகனா உனக்குக் கையைக் குடுப்பாங்க. நீ பிடிச்சு எழுந்திருக்கணும். அதோட டான்ஸ் முடியுது.”

“எல்லாரும் பார்க்க கையைக் குடுப்பாங்களா?”

“பின்ன, மேடையில எல்லாரும் பார்க்கத்தானே குடுப்பாங்க!”

ரஞ்சிதம் சரி என்று போனாள். அன்றிலிருந்து வீட்டில் சுவரோரம் தரையில் உட்காருவதும், வலது கையை மட்டும் மேலே நீட்டி, அவசரப்படாமல், முட்டி கிறீச்சிடாமல் எழுந்திருப்பதுமாக இருந்தாளாம். மற்ற எட்டுச் சுவையும் அவளுக்கு ஒரு பொருட்டில்லை, அந்த ஒன்றுக்காகத்தான் ஆட ஒப்புக்கொண்டாள்.

விழா அன்று காதல் ஆயிற்று, சிரிப்பு ஆயிற்று, வரிசையாக ஆறும் ஆயிற்று. ஏழாவதில் எட்டுப் பெண்களும் வட்டத்திலிருந்து பின்வாங்கினார்களே, அப்போது மண்டபமே நாற்காலியோடு பின்வாங்கியது. இரும்புக் கால்கள் தரையில் கீறுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. அப்பேர்ப்பட்ட அமைப்பு. சரியாக அந்த நேரம் பார்த்து, மூன்று மணிநேரம் தாமதமாக வர வேண்டிய சிறப்பு விருந்தினர் ரெண்டே மணிநேரம் தாமதமாக வந்து தொலைத்தார். கமிஷனர் எழுந்து கையை வெட்டிக் காட்டினார். சவுண்டு சர்வீஸ்காரன் பென் டிரைவைப் பிடுங்கினான், திரை இறங்கிவிட்டது. எட்டுப் பேரும் புடவை மாற்ற ஓடினார்கள். ரஞ்சிதம் வட்டத்துக்குள் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தாள், பிறகு தரையில் தானே கையூன்றி எழுந்தாள்.

ஒன்பதில் ஏழு ஆடி, மிச்ச இரண்டை ஆடாமல் விட்டால் என்ன ஆகும் என்று அதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. பொன்னாடை போர்த்திக்கொண்டு மைக் முன்னால் நின்ற சிறப்பு விருந்தினர் அன்பார்ந்த பெருமக்களே என்று நிமிர்ந்தார்; நானூறு பெருமக்களும் அவரைச் சாக்கடையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது எதிர்க்கட்சிக்காரன் வேலை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அப்புறம் ஊர் பட்ட பாடு இருக்கிறதே. தர்மாஸ்பத்திரி டாக்டர் நரம்பில் ஏதோ பிசகு என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவரே இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர் ஆகையால், அவர் தங்களைப் பார்த்த பார்வையிலேயே பாதிப் பேர் இனிப் பிழைக்க மாட்டோம் என்று முடிவுகட்டிச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். ஸ்வீட் ஸ்டால்காரர் அந்த முகத்தோடு ஜாங்கிரி நிறுத்துக் கொடுத்ததில் வியாபாரம் படுத்து, ‘முகம் மட்டும்தான் இப்படி, சரக்கு சுத்தமானது’ என்று அட்டை எழுதித் தொங்கவிட்டார். பெண் பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர்கள், வாங்க வாங்க என்று வரவேற்ற பெண்ணின் தகப்பனார் முகத்தைப் பார்த்துவிட்டு, காபி வாங்காமல் வேனைத் திருப்பினார்கள். தாய்மார்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது முந்தானையைத் தங்கள் முகத்தில் போட்டுக்கொண்டார்கள். கோயிலில் அர்ச்சகர் தீபாராதனை காட்டும்போது அம்மன் தவறாக நினைத்துக்கொள்வாளே என்று துண்டால் மூக்குவரை கட்டிக்கொண்டார். பில் கலெக்டர் மோகனாம்பாள் தினமும் சாயங்காலம் கதவைத் திறந்து புருஷனைப் பார்த்தாள். அந்த மனுஷன் “இருபது வருஷமா உள்ள இருந்தது இப்பத்தான் வெளிய வந்திருக்கு” என்று குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதான்.

தன் முகம் கோணியதில் யாருக்கும் பெரிய வருத்தமில்லை. தன்னை இன்னொருத்தன் அந்த முகத்தால் பார்க்கிறான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. நாம் நாறுகிறோமோ என்று அவரவர் சட்டையை அவரவர் மோந்துகொண்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தார்கள். மளிகைக்கடையில் சோப்பு தீர்ந்தது. கூனிக் குறுகி, சுவரோரமாக நடந்து, கடையில் சாமான் கேட்கக்கூட வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அப்படியும் ஊர் ஊர்தானே? இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. டீக்கடை பெஞ்சுகளைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார்கள். முதுகும் முதுகுமாக நின்று குசலம் விசாரித்தார்கள். ஸ்டூடியோவில் கல்யாணப் போட்டோவைப் பின்பக்கமாக எடுத்து, பூவும் ஜரிகையும் நன்றாக விழுந்திருக்கிறது என்று சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள்.

திலோத்தமாவால்தான் பழக முடியவில்லை. அவளும் மேடை ஓரத்தில் நின்று பார்த்தவள், அவள் மூஞ்சியும் போயிற்று. ஒன்பது முகம் காட்டிப் பிழைக்கிறவளுக்கு ஒரு முகம் மட்டும் மிஞ்சினால் என்ன செய்வாள்? பிள்ளைகள் பயந்து நின்றுவிட்டார்கள். வகுப்பின் நீளச் சுவரில் எட்டுக் கண்ணாடி. காலையில் கதவைத் திறந்ததும் எட்டுத் திலோத்தமாக்களும் சேர்ந்து அவளைப் பார்த்து உதட்டைத் தூக்கினார்கள். ஆடாமல் விட்ட இரண்டையும் தனியாக ஆடிப் பார்த்தாள். கை வியந்தது, கால் சாந்தமாயிற்று, முகம் மசியவில்லை. நூறு தடவை ஆடியபிறகு உறைத்தது. கதை முடியவில்லை. ஒருத்தியை நடுவில் உட்கார வைத்தோம், இன்னும் தூக்கி விடவில்லை.

அன்று மத்தியானமே தபாலாபீஸ் முக்கில் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ரஞ்சிதத்தைப் பிடித்தாள்.

“ரஞ்சிதம், உன்னால ஒரு காரியம் ஆகணும். இந்த மூஞ்சி விஷயம்.”

ரஞ்சிதம் அவளை உற்றுப் பார்த்தாள். “மூஞ்சிக்கு என்ன டீச்சர்?”

“என்னவா? ஊரே இப்படிக் கெடக்கு, உனக்குத் தெரியலையா?”

“பேசிக்கிட்டாங்க. எல்லாரும் என்னமோ ஆயிடுச்சுன்னு அழறாங்க. நானும் வீட்டுக்கு வீடு பார்க்கத்தான் செய்றேன். எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல. இருபத்திரண்டு வருசமா இதே மூஞ்சிதானே?”

குத்திக் காட்டவில்லை. அவள் இன்றைக்குத் தண்ணீர் வராது என்கிற மாதிரிச் சொன்னாள்.

“நீங்க வயிறு, தோளு, கழுத்து, காலுன்னு சொல்லிக் குடுத்தீங்களே, அவங்களுக்கு அது புதுசா டீச்சர்?” என்றாள் ரஞ்சிதம். “நான் விசில் ஊதினா வாளியைக் கொண்டாந்து தரையில வெப்பாங்க, ரெண்டடி பின்னால போவாங்க. நான் எடுத்துக் கொட்டிட்டு வெப்பேன், ரெண்டடி முன்னால வருவாங்க. தெருவுக்கு நாப்பது வீடு, ஒருத்தர் காலும் தப்பினதில்ல. மாடிப்படிகிட்ட நீங்களும்தான்.”

“தெரிஞ்சுமா ஆட வந்தே... வந்தீங்க?”

அந்த ‘வந்தீங்க’ ரஞ்சிதத்தின் காதில் விழுந்தது. லேசாகச் சிரித்தாள். “கடைசியில கை குடுப்பாங்கன்னு சொன்னீங்கல்ல, அதுக்குத்தான்.”

“இப்பவும் அதுக்குத்தான் கூப்பிடறேன். மறுபடி முதல்லேர்ந்து ஒன்பதும் ஆடி முடிச்சிடலாம். மோகனா கை குடுப்பாங்க. நான் பொறுப்பு.”

“வேணாம். நான் வர்றேன், ஆனா வட்டத்துல உட்கார மாட்டேன். நீங்க உட்காருங்க. கை குடுக்கிற இடத்துல நான் நிக்கறேன்.”

அவ்வளவுதானே என்றிருந்தது திலோத்தமாவுக்கு. உட்காருவதில் என்ன இருக்கிறது, ஒன்றும் ஆடக்கூட வேண்டாமே.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானூறு பேரும் அதே நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் சிறப்பு விருந்தினராக வந்து தொலைக்கக் கூடாது என்று கமிஷனர் வாசலில் இரண்டு காவலாளிகளை நிறுத்தினார். காதலிலிருந்து பயம் வரை ஒழுங்காக நடந்தது. ஏழாவதற்குத் திலோத்தமா சாக்பீஸ் வட்டத்துக்குள் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

குனிந்த தலைக்குக் கால்கள் மட்டும்தான் தெரியும் என்பதை அவள் அன்றைக்குத்தான் கண்டாள். பதினாறு பாதங்கள் பக்கத்தில் இருந்தன. பின்னால் போயின. ஒரு தாளத்துக்கு ஒரு அடி. நடுவில் வெறும் தரை பெரிதாகிக்கொண்டே போயிற்று. தானே அளந்து போட்ட அடிகள், தானே எண்ணிக் கொடுத்த தாளம், ஒன்றுகூடப் பிசகவில்லை. நாற்காலிகள் கீறிக்கொண்டு நகர்ந்தன. முதுகு முழுக்க மூஞ்சிகள் ஊர்வது போலிருந்தது. நாம் குளித்தோமா என்று யோசித்தாள், குளித்திருந்தாள். ஐயோ இதையா சொல்லிக் கொடுத்தேன், இதற்கா கை தட்டினேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இரண்டே நிமிஷம்தான். அந்த இரண்டு நிமிஷத்தில் அவள் எத்தனையோ தெருக்களைத் தாண்டி வந்துவிட்டாள்.

எட்டாவது முடிந்தது. சாந்தம் தொடங்கியது. மேடையின் வலது மூலையிலிருந்து ரஞ்சிதம் வந்தாள். யாரும் அவளுக்கு நடை சொல்லித் தரவில்லை. வண்டி இல்லாமல், அவசரமில்லாமல், தன் வீட்டுக்குள் நடப்பது போல நடந்து வந்தாள். அவள் வர வர, மண்டபத்தில் உதடுகள் இறங்கத் தொடங்கின. மூக்குத் தண்டில் மூன்று சுருக்கம் இரண்டாயிற்று, ஒன்றாயிற்று. நாலாவது வரிசையில் ஒரு குழந்தை தன் அம்மாவின் முகத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தது. ரஞ்சிதம் குனிந்து வலது கையை நீட்டினாள். பிளீச்சிங் பவுடரில் வெளுத்து, ஓரங்கள் வெடித்து, அந்த வெடிப்புக்குள் எத்தனை தேய்த்தாலும் போகாத கறுப்புக் கோடு ஓடிய கை. திலோத்தமா நிமிர்ந்து அதைப் பார்த்தாள்.

அவள் வயிறு ஒரு அங்குலம் உள்ளே போயிற்று.

ஒரு அங்குலம்தான். மறு நொடியே பாய்ந்து அந்தக் கையை இரண்டு கைகளாலும் பற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஓவென்று அழுதுகொண்டே எழுந்தாள். மண்டபம் கைதட்டியது. ஆனால் வயிறு சொன்ன பிறகு கை எதைச் சொன்னால் என்ன, கதை அங்கேயே முடிந்துவிட்டது. தட்டிக்கொண்டிருக்கும்போதே நானூறு மேலுதடுகளும் திரும்ப மேலே போயின. ரஞ்சிதம் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, இத்தனை வருஷம் பார்த்ததை இன்னொரு தடவை பார்த்த அலுப்புத்தான் இருந்தது. கமிஷனர் ஓடிவந்து அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். இரண்டு நுனியையும் நுனிவிரலால் பிடித்து, கை எட்டுகிற தூரம் வரை தள்ளி நின்று, மேலே படாமல் வீசிப் போர்த்தினார். அதற்கும் கை தட்டினார்கள், த்தூ.

ஊருக்கு இன்னும் அந்த முகம்தான். இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. புதிதாகப் பிறக்கிற பிள்ளைகள் நல்ல முகத்தோடுதான் பிறக்கின்றன. மூன்று வயதில் ஏதோ ஒரு காலையில் விசில் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடும்போது, சீ, கிட்டப் போகாதே என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும், அன்றைக்கு வந்து ஒட்டிக்கொள்கிறது. முக ஜாடை அப்படியே அப்பாவைக் கொண்டிருக்கிறது என்று சொந்தக்காரர்கள் மெச்சிக்கொள்கிறார்கள்.

திலோத்தமா பலகையைக் கழற்றவில்லை, கண்ணாடிகளையும் மூடவில்லை. தினமும் ஐந்தரைக்கு எழுந்து, வாளியோடு மாடிப்படி இறங்கித் தெருவில் நிற்கிறாள். வாளியைத் தரையில் வைப்பதில்லை. விசில் நெருங்க நெருங்க ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று உதட்டுக்குள் எண்ணிக்கொள்கிறாள். வண்டி நிற்கும். ரஞ்சிதம் கையை நீட்டுவாள். கால் நகராமல், கழுத்து திரும்பாமல், தோள் இறங்காமல், கையோடு கை படும்படி வாளியைக் கொடுப்பாள் திலோத்தமா. ரஞ்சிதம் கொட்டிவிட்டு, வாளியை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, ஒத்திகை பார்க்கிற வாத்தியாரைப் போல அவளை மேலும் கீழும் ஒரு தடவை பார்ப்பாள்.

“தோள் நல்லாருக்கு” என்றாள் நேற்று. “கழுத்தும் சரி. வயிறு இன்னும் போவுது டீச்சர்.”

விசிலை ஊதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு வண்டியைத் தள்ளினாள்.